நான்கு மணி ஊசி

தொப்புளுக்கு வலப்பக்கம், இரண்டு விரல் தள்ளி, புதிதாக ஒரு நீலப்புள்ளி இருந்தது. அதைச் சுற்றி வட்டம் இல்லை.

குளியலறையில், ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பிய உயரமான இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, ஞானாம்பிகை சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அவளுடைய வயிற்றில் ஐந்து புள்ளிகள்தான் இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பேனையால் ஒரு வட்டமும், வட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் திகதியும் இருக்கவேண்டும். முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில் முத்திரை குத்திய கை அது. திகதி போடாமல் ஒரு கடிதத்தையும் வெளியே விட்டதில்லை. தன் வயிற்றையா விடப் போகிறாள்? வட்டம் போட்ட ஐந்தும் மஞ்சள் பாய்ந்து ஆறிக்கொண்டிருந்தன. இந்த ஆறாவது மட்டும் ஈரமான நீலத்தில், தொட்டால் வலிக்கிற புதுசாக இருந்தது.

தொட்டுப் பார்த்தாள். வலித்தது.

நேற்று அவள் ஊசி போடவில்லை. அதுதான் விஷயம். வேண்டுமென்றேதான் போடவில்லை.

இடுப்பு மூட்டை மாற்றி இரண்டு கிழமை ஆகியிருந்தது. புது மூட்டைப் பற்றி டொக்டர் அதிகம் பேசவில்லை. அது பத்திரமாக இருக்கிறது, இனிப் பயம் எல்லாம் இரத்தத்தைப் பற்றித்தான் என்றார். அசையாமல் கிடக்கிற காலில் இரத்தம் தேங்கிக் கட்டிபடும். அந்தக் கட்டி ஒருநாள் கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்தால், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடக்கூட மூச்சு இராது. அதனால்தான் தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் வெள்ளைக் காலுறை. அதனால்தான் மணிக்கு இருபது தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னது. அதனால்தான் ஒரு மாதத்துக்குத் தினமும் பின்னேரம் நான்கு மணிக்கு வயிற்றில் ஒரு ஊசி.

ஊசியைத் தானே குத்துவதாக அவள்தான் அடம்பிடித்தாள். மகன் யோகேந்திரன் ஊசியைக் கண்டால் சுவரைப் பிடிப்பவன். மருமகள் துஷாந்தினிக்கு ஐந்து மாதம். காலையில் பல் தீட்டினாலே குமட்டுகிறது. ஆகவே சுகாதார நிலையத்திலிருந்து வருகிற தாதி வலன்ரைன் பக்கத்தில் நின்று பழக்கிவிட்டாள். தோலை இரண்டு விரலால் கிள்ளி மடிப்பாகத் தூக்கு. நேராகக் குத்து. மெதுவாகத் தள்ளு. பத்துவரை எண்ணு. ஊசியை எடு. அதன் பிறகுதான் மடிப்பை விடு. மருந்து ஏற்றிய ஊசிகள் சமையலறையில், பழைய பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் அடுக்கியிருந்தன.

ஐந்து நாள் ஒழுங்காகப் போயிற்று. ஆறாம் நாள், திங்கட்கிழமை, பொழுது போகாமல் ஊசிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்து வாசித்தாள். ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் ஆங்கிலம். மற்றவர்கள் குப்பையில் போடுகிற தாளையெல்லாம் எழுத்தெழுத்தாக வாசிக்கிற மனுஷி அவள். மூன்றாவது பந்தியில் அது இருந்தது. பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து.

பன்னிரண்டு வயதில் தீட்சை பெற்றவள். முட்டை கலந்த கேக்கைக்கூட மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாதவள். ஆஸ்பத்திரியில் எட்டு நாளும் பாணும் தயிரும் அப்பிளும் தின்று உயிர் பிடித்தவள். அந்த வயிற்றுக்குள், தன் கையாலேயே, ஐந்து நாளாகப் பன்றி.

களஞ்சியத்தில் வேலையாக நின்ற மகனை உடனே தொலைபேசியில் பிடித்தாள்.

"தம்பி, உந்த ஊசி பண்டியிலை இருந்து எடுக்கிறதோ?"

மறுமுனையில் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. "சீ, இல்லையம்மா. அதெல்லாம் லாப்பிலை செய்யிறது. உந்தப் பேப்பரெல்லாம் பழசு."

அந்த ஒரு மூச்சு அவளுக்குப் போதும். கழுவி மறுபடி ஒட்டிய முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே பிடித்தவளிடமா இந்த விளையாட்டு? அன்று நான்கு மணிக்கு ஊசியை எடுத்து, மருந்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, வெற்று ஊசியை வழக்கம்போல் பாவித்த ஊசிகளுக்கான மஞ்சள் பெட்டிக்குள் போட்டாள். சாமியறை மேல்மாடியில் இருந்தது. படியேற இன்னும் அனுமதியில்லை. எனவே நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத சமையலறையைப் பார்த்தே உரக்கச் சொன்னாள்.

"என்ரை கையாலை இனி நான் குத்தமாட்டன். வேறை ஆரும் குத்தினால் அது என்ரை பாவம் இல்லை."

சட்டப்படி சரியாகத்தான் சொன்னோம் என்று நினைத்தாள். சொல்லி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. வலிக்குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். செவ்வாய் காலை எழுந்து பார்த்தால், இந்தப் புள்ளி.

அன்று மாலை ஆறு மணிக்கு வேலையால் வந்த துஷாந்தினி, கோட்டைக் கழற்றியதும் கழற்றாததுமாகக் கோப்பை கழுவப் போனாள். ஞானாம்பிகையின் கட்டிலைச் சாப்பாட்டு அறையில்தான் போட்டிருந்தார்கள். அங்கிருந்து சமையலறையின் பாதி தெரியும்.

"பிள்ளை, நீ நேற்று நாலு மணி போலை வீட்டை வந்தனியோ?"

"இல்லை மாமி. ஏன்?"

"ஒண்டுமில்லை. ஆரோ நடந்த மாதிரிக் கிடந்தது."

"ஹீற்றிங் வேலை செய்யேக்கை உந்தக் குழாய் எல்லாம் உப்பிடித்தான் மாமி, டக்கு டக்கெண்டு அடிக்கும்."

துஷாந்தினி திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். அவள் திரும்பவில்லை என்பதை ஞானாம்பிகை குறித்துக்கொண்டாள். இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருமகள் பக்கத்து ஊரான புவாண்ட்-கிளேரில் வேலை செய்வது ஒரு மருந்துச் சாமான் களஞ்சியத்தின் அலுவலகத்தில். ஊசி ஒரு பெட்டி கொண்டுவருவது அவளுக்கு எவ்வளவு பாடு? காரில் கால் மணி நேரம். மதியச் சாப்பாட்டு இடைவேளையைப் பின்தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

அன்றிரவு சமையலறையில் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்கு இடையில் மகனின் குரல் மட்டும் ஒருதரம் தெளிவாகக் கேட்டது. "நீர் அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதையும்."

ஞானாம்பிகைக்கு நெஞ்சு கசந்தது. எதையோ சேர்ந்து செய்கிறார்கள். தூங்குகிற கிழவியின் சட்டையைத் தூக்கி, காதும் காதும் வைத்ததுபோல் குத்திவிட்டுப் போகிறார்கள்.

புதன்கிழமை எட்டு மணிக்கு வீடு காலியானது. மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில், அவர்களுடைய அந்தத் தெருவுக்குப் பகலில் சத்தம் என்று ஒன்று கிடையாது. பனி வழிக்கும் இயந்திரம் ஒருதரம் போகும், தபால்காரி ஒருதரம் வருவாள், அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் நிலக்கீழ் அறையில் வெப்ப இயந்திரம் உறுமி எழுவதும், தரையிலிருக்கிற கம்பி வழியாகக் காய்ந்த காற்று மேலே வருவதும், அதில் நேற்றைய தாளிதத்தின் கறிவேப்பிலை மணம் கலந்திருப்பதும், பிறகு இயந்திரம் அடங்கி எல்லாம் நின்றுபோவதும்தான். மருமகள் பிளாஸ்கில் வைத்துவிட்டுப் போன தேநீரை அன்று அவள் குடிக்கவில்லை. அதில் என்ன கலந்திருக்கிறதோ! தொட்டியில் ஊற்றினாள். ரின்னைத் திறந்து ஊசிகளை எண்ணினாள், சரியாக இருந்தது. மஞ்சள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், அதுவும் சரி. நான்கு மணிக்கு, செவ்வாயன்று செய்ததுபோலவே, அன்றைய ஊசியையும் தொட்டியில் பீய்ச்சினாள். இடுப்பு வலி பொறுக்காமல் குளிசையை மட்டும் போட்டாள். கொஞ்சம் சாய்ந்தாள். கண்விழித்தபோது யன்னல் கறுத்திருந்தது. அறையில் மெல்லிய ஸ்பிரிட் மணம்.

வயிற்றில் ஒரு சதுரத்தளவு இடம் மட்டும் குளிர்ந்திருந்தது. பஞ்சால் துடைத்த இடம்.

வியாழன் காலையில் வட்டமில்லாத புள்ளிகள் மூன்று இருந்தன. வீட்டிலிருந்த ஊசிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்படியானால் தனக்குள் போனது எது? காலைச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

பத்து மணிக்குத் தாதி வலன்ரைன் வந்தாள். வாசலில் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டு, "பொன்ஜூர் மதாம்!" என்று வீடு முழுக்கக் கேட்கச் சொன்னாள். நல்ல உடம்பும் சிவந்த கன்னமுமாக, சிரித்தபடியே இருக்கிற மனுஷி. நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தாள். பெருவிரலால் அழுத்தினாள். வலிக்கிறதா? இல்லை. சூடாக இருக்கிறதா? இல்லை. பிறகு சட்டையைத் தூக்கி, புள்ளிகளை விரலால் எண்ணினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எட்டு நாள், எட்டு ஊசி, பிராவோ, என்று ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து சொன்னாள். பிறகு குனிந்து மறுபடி பார்த்தாள். "இந்தக் கடைசி மூன்றும் யார் போட்டது? உங்கள் கை இல்லை இது. எவ்வளவு நேர்த்தி! என்னைவிட நல்ல கை."

"என்ரை மருமகள்," என்று ஞானாம்பிகை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"கெட்டிக்காரி," என்றாள் வலன்ரைன்.

பன்றியைப் பற்றிக் கேட்டபோது அவள் ஒளிக்கவில்லை. ஓமாம், பன்றிதான், ஏன், ஒருவரும் சொல்லவில்லையா? சில பேர் வேண்டாம் என்பார்கள். டொக்டரிடம் சொன்னால் குளிசைக்கு மாற்றித் தருவார், கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாற்றும்வரை ஒருநாளும் விடக்கூடாது, மதாம். விட்டால், என்று சொல்லி, வலன்ரைன் தன் காலிலிருந்து நெஞ்சுவரை ஒரு விரலை மெல்ல மேலே இழுத்துக் காட்டினாள்.

அந்த நிமிஷமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். குளிசை தாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். பாவமும் இல்லை, பயமும் இல்லை. ஆனால் ஞானாம்பிகை முதலில் கள்ளியைப் பிடிக்க வேண்டும் என்று நின்றாள். கையும் மெய்யுமாகப் பிடித்துவிட்டு, பிறகு குளிசையைக் கேட்கலாம். இப்போது சொன்னால் துஷாந்தினி உசாராகிவிடுவாள். அப்படித்தான் அந்த மண்டை வேலை செய்தது. வலன்ரைனைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தாள்.

அன்று மதியம் தேநீரும் இல்லை, குளிசையும் இல்லை. இடுப்புக்குள் யாரோ திருகாணியைத் திருப்புவதுபோல் வலி. அதுவும் நல்லதுதான், தூங்கவிடாது. கம்பியில்லாத தொலைபேசியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். கால்களுக்கு நடுவில் தலையணை, மல்லாந்த உடம்பு, பாதி மூடிய கண். யாராவது பார்த்தால் தூங்குகிறாள் என்றுதான் சொல்வார்கள்.

மூன்றரைக்கே வெளிச்சம் சுருங்கத் தொடங்கியது. மார்கழி மாதத்து மொன்றியலில் பகல் என்பது பேருக்குத்தான். யன்னலுக்கு வெளியே பனி முதலில் வெள்ளையாக இருந்து, பிறகு நீலமாகி, பிறகு நிறமே தெரியாமல் போனது. அறைக்குள் கதிரைகளின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்தன. வெப்ப இயந்திரம் உறுமிற்று, காற்றை ஊதிற்று, அடங்கிற்று. குளிர்சாதனப் பெட்டி முனகிவிட்டு நின்றது. அதன் பிறகு வந்த அமைதியில் தன் காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

நான்கு மணி.

வாசற்கதவு திறக்கவில்லை. அதை அவள் நிச்சயமாகக் கவனித்தாள். திறந்தால் குளிர்காற்று காலடிக்கு வரும். வரவில்லை.

டப்.

சமையலறையில் பிஸ்கட் ரின்னின் மூடி கழன்றது.

உள்ளேயே இருந்திருக்கிறாள், என்று நினைத்தாள். காலையில் போவதுபோல் போய்விட்டு, பின்கதவால் வந்து நிலக்கீழ் அறையில் ஒளிந்திருந்திருக்கிறாள். கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் கொஞ்சம் சுகமாக இருந்தது. பிளாஸ்டிக் உறை கிழிகிற சத்தம். அதன்பின் நடை. காலுறை போட்ட பாதம் தரையில் படுவதுபோன்ற மெத்தென்ற நடை. ஒரு அடி. நிறுத்தம். இன்னொரு அடி. அவசரமே இல்லாத நடை.

போர்வைக்குள் விரலால் தடவி, மனப்பாடமாக இருந்த இலக்கங்களை அழுத்தினாள். மருமகளின் அலுவலக மேசை. அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும். யாரும் எடுக்காவிட்டால் அது போதும், பிடித்தாகிவிட்டது.

ஒரு மணி. இரண்டு மணி.

"ஹலோ, பொன்ஜூர். துஷாந்தினி கதைக்கிறன்."

நடை சாப்பாட்டு அறையின் வாசலுக்கு வந்தது.

"ஹலோ? ஆர் மாமியே? மாமி, என்ன சத்தமில்லை?"

ஞானாம்பிகைக்கு நாக்கு எழும்பவில்லை. கண் தானாக இறுக மூடிக்கொண்டது. திறக்கச் சொன்னாள், திறக்கவில்லை. ஸ்பிரிட் மணம் கட்டிலுக்குக் கிட்ட வந்தது. போர்வை இழுபட்டது. மெதுவாக. மரியாதையாக. சட்டையின் விளிம்பு மேலே போயிற்று. வயிற்றில் குளிர்ந்த பஞ்சு, ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"மாமி! விழுந்திட்டியளோ? மாமி!"

இரண்டு விரல்கள் தோலைக் கிள்ளித் தூக்கின. விரல்களில் சூடு இல்லை. குளிரும் இல்லை. கட்டிலின் மரம் எப்படி இருக்குமோ அப்படி.

குத்து.

மெதுவாகத் தள்ளியது. உள்ளே எதுவோ பரவியது. ஒருவரும் எண்ணவில்லை, ஆனால் அவள் எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

மடிப்பு விடுபட்டது.

கண் திறந்தபோது அறையில் ஒருவரும் இல்லை. போர்வை நெஞ்சுவரை ஒழுங்காக இழுத்து விடப்பட்டிருந்தது. தொலைபேசிக்குள் துஷாந்தினி அழுகிற குரலில் யாரிடமோ பிரெஞ்சில் ராக்ஸிக் கார் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரத்தில், கோட்டுப் பொத்தான் போடாமல், தலையில் பனியோடு அவள் ஓடிவந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முழங்காலில் இருந்து, மாமியின் காலைத் தடவிப் பார்த்து, முகத்தைத் தடவிப் பார்த்து, அதன் பிறகுதான் மூச்சு விட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஞானாம்பிகைக்கு வெட்கம் பொங்கியது. மூன்று நாளாக இந்தப் பிள்ளையைத்தானே மனதுக்குள் கள்ளி கள்ளி என்று திட்டினேன் என்று நினைக்க அழுகை வந்தது. யோகேந்திரனும் வந்து சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். பன்றி, தாள், தொட்டியில் பீய்ச்சிய மூன்று ஊசிகள், நான்கு மணிக்கு வருகிற அது.

மகன் கடைசிப் பகுதியைக் காதிலேயே வாங்கவில்லை. "நாலு நாள் போடேல்லையோ? அம்மா, உங்களுக்கு விசரே? செத்துப்போயிருப்பியள்!"

"நீ ஏன் எனக்குப் பொய் சொன்னனீ?"

"சொன்னால் போடமாட்டியள் எண்டுதான்!" அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"வயித்திலை இருக்கிற புள்ளியைப் பார். நானே குத்தினது? ஆர் குத்தினது?"

மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாமி, உந்த வலிக்குளிசை அப்பிடித்தான். நீங்களே நித்திரைத் தூக்கத்திலை குத்தியிருப்பியள். பேந்து மறந்திருப்பியள்," என்று துஷாந்தினி ஆறுதலாகச் சொன்னாள்.

"நான் இண்டைக்குக் குளிசை போடேல்லைப் பிள்ளை."

யோகேந்திரன் தன் கோட்டை எடுத்து மாட்டினான்.

அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலில் களிம்பு பூசி ஒரு கருவியால் தேய்த்துத் திரையில் பார்த்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை. குளிசைக்கு மாற்றலாம், ஆனால் திங்கட்கிழமைதான் பெரிய டொக்டர் வருவார், அதுவரை ஊசியை விடவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பிச் சமையலறையில் பால் காய்ச்சும்போது, நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியாரைப் பார்த்துத் துஷாந்தினி சொன்னாள்:

"நாளையிலை இருந்து நான் லீவு. நானே குத்துறன் மாமி. உங்கடை கை படவேண்டாம். பாவம் எண்டு ஒண்டு இருந்தால் அது எனக்கு வரட்டும்."

ஞானாம்பிகை அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படி ஒரு பிள்ளை கிடைக்க என்ன தவம் செய்தேன் என்று உருகினாள். உருகியதில் ஒன்றைக் கவனிக்கத் தவறினாள். திங்கட்கிழமை அவள் சொன்னதைப் போலவே, அந்தச் சமையலறையில் சொல்வது எதுவும் வீண்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பனி கொட்டியது. யோகேந்திரன் காரைத் தோண்டி எடுத்து வேலைக்குப் போனான். மாமியும் மருமகளும் தேசிக்காய் ஊறுகாயோடு தயிர்ச்சோறு சாப்பிட்டார்கள். இருட்டுவதற்கு முன்னமே முடித்துவிடுவோம் என்று மூன்று மணிக்கே துஷாந்தினி ஊசியை எடுத்துவந்தாள். குமட்டலை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோணலாகக் குத்தி, வலிக்கப்பண்ணி, பத்து எண்ணுவதற்குப் பதிலாகப் பதினைந்து எண்ணினாள். பிறகு தானே பேனையை எடுத்து வட்டம் போட்டுத் திகதி எழுதினாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த வலி ஞானாம்பிகைக்கு இனித்தது. அது மனுஷரின் கை.

இன்றைக்கு இனி எதற்கு வரப்போகிறது? குத்தியாகிவிட்டதே. நான்கு நாளில் முதல்தடவையாக அவளுக்கு உடம்பு தளர்ந்தது.

தூசு உறிஞ்சுவதற்காக நடைச் சட்டத்தைத் தூக்கி யன்னலோரம் வைத்துவிட்டு, கூட்டி முடித்த களைப்பில் துஷாந்தினி எதிரிலிருந்த சோபாவில் இடப்பக்கம் சரிந்து படுத்தாள். இரண்டு நிமிஷத்தில் மூச்சு சீராகியது. கம்பளிச் சட்டைக்குள் வயிறு மெல்ல எழுந்து தாழ்ந்தது. கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். வெளியே பனி விழுவதால் தெருவின் சத்தமெல்லாம் அமுங்கிப்போயிருந்தது.

வெளிச்சம் சுருங்கியது.

டப்.

ஞானாம்பிகை விழித்துத்தான் இருந்தாள். மூடி. உறை. பிறகு நடை. ஒரு அடி. நிறுத்தம். இன்னொரு அடி. எனக்குப் போட்டாயிற்று, எனக்குப் போட்டாயிற்று, என்று மனதுக்குள் சொன்னாள். சட்டையைத் தூக்கி அந்தக் கோணல் வட்டத்தைக் காட்டக்கூட நினைத்தாள். நடை அறைக்குள் வந்தது. கட்டிலுக்குக் கிட்ட வந்தது. நின்றது.

பிறகு திரும்பியது.

ஸ்பிரிட் மணம் தூரமாகப் போயிற்று. இந்தத் தடவை கண் மூடிக்கொள்ளவில்லை. இருட்டு முழுதாக விழவில்லை. பார்ப்பதற்குப் போதிய வெளிச்சம் இருந்தது. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. சோபா. தூங்குகிற பெண். அவளுடைய கம்பளிச் சட்டையின் விளிம்பு மட்டும், மெதுவாக, மரியாதையாக, மேலே போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளை!"

குரல் வந்தது. துஷாந்தினியின் கண்கள் திறந்தன. தன் வயிற்றைப் பார்க்கவில்லை, மாமியைத்தான் பார்த்தாள். எழும்பவில்லை. வாயும் திறக்கவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

நடைச் சட்டம் யன்னலோரம். ஞானாம்பிகை தலையணையை உதறினாள். காலைக் கீழே போட்டாள். புது மூட்டில் நெருப்பு. எழுந்தாள், மடங்கினாள், தரையில் விழுந்தாள். தரையில் கிடந்தபடியே கையை நீட்டினாள்.

"அவளை விடு! என்னிலை குத்து! பாவம் என்ரைதான், என்ரைதான், என்னிலை குத்து!"

அந்த அறையில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

உருண்டு பளபளத்த அந்த வயிற்றில், தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, தோல் மடிப்பாக எழுந்தது. எழுந்து நின்றது. மடிப்பின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. ஞானாம்பிகையின் உதடுகள் தாமாக எண்ணத் தொடங்கின. எட்டு. ஒன்பது. பத்து.

மடிப்பு விடவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு. துஷாந்தினியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. இருபது. இருபத்தொன்று.

அந்த மடிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மடிப்பு எழுந்தது.